கேட்டதற்கு மட்டும்

லிட்கம், சிட்னி
9 மார்ச் 2025

மதிப்புக்குரிய நீதிபதி சேருக்கு,

நான் நிஷானி. வலன்ரைன் மாஸ்டரின் மகள் என்றால் உங்களுக்கு ஞாபகம் வராது. உங்கள் மேல் நீதிமன்றத்தில் நான்கு வருடம் கறுப்புக் கோட்டோடு நின்று, ஒருநாள் சாட்சியிடம் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டதற்காக உங்களிடம் பேச்சு வாங்கிய இளம் சட்டத்தரணி என்றால் வரலாம். கல்யாணமாகி சிட்னிக்கு வந்து எட்டு வருடமாகிறது. இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. சூப் ஆறிவிட்டது என்பதைத் தவிர அங்கே யாரும் ஆட்சேபம் எழுப்புவதில்லை.

வழக்கு விஷயம் நீங்கள் போனில் பேசமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் உங்கள் மகள் மேனுகாவிடம் மல்கிரேவ் விலாசத்தை வாங்கி எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியுங்கள், பழக்கம் விட்டுப்போய்விட்டது.

விஷயம் என் தம்பி அனோஜைப் பற்றியது. ஊரில் படகு இழுத்து வைக்கும் கரையைப் படையினர் வேலி போட்டு எடுத்துக்கொண்டபோது, அதைத் திருப்பித் தரச் சொல்லி முன்னால் நின்றவர்கள் அவனும் உமாசுதனும்தான். வேலியை எடு என்று சொன்னதற்கு வழக்குப் போட முடியாது. அதனால் தடைசெய்யப்பட்ட இயக்கத்தை மீண்டும் கட்ட முயன்றார்கள் என்று பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் போட்டார்கள். உமாசுதன் பிடிபட்டான். அனோஜ் பிடிபட முன் விசிட் விசாவில் இங்கே வந்து சேர்ந்தான், இன்றுவரை எங்கள் பின் அறையில்தான் இருக்கிறான். உமாசுதனின் வழக்கு உங்களிடம் வந்தது. அவனுடைய வாக்குமூலம் அடித்து வாங்கியது என்று அதைத் தள்ளி, அவனை விடுதலை செய்தீர்கள். செய்தி வந்த அன்று குசினியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இப்போது அந்தத் தீர்ப்பே எங்கள் கழுத்தைப் பிடிக்கிறது. அனோஜின் அகதி விண்ணப்பத்தைக் குடிவரவுத் திணைக்களம் நிராகரித்துவிட்டது. அந்த நாட்டு நீதிமன்றங்கள் சுதந்திரமாக இயங்குகின்றனவாம். இவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டவரே விடுதலையாகியிருக்கிறாராம். ஆகவே இவரும் திரும்பிப் போனால் நியாயமான விசாரணை கிடைக்குமாம். உங்கள் தீர்ப்பிலிருந்து இரண்டு பந்திகளை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். சேர், நீங்கள் அதைக் கொஞ்சம் மோசமாக எழுதியிருக்கலாம்.

ஜூன் மாதம் ட்ரிபியூனலில் மறுவிசாரணை. அதிலும் தோற்றால் அனோஜைத் திருப்பி அனுப்புவார்கள், விமான நிலையத்திலேயே ஆள் நிற்கும். ஒரு மழைக்கே குளம் நிரம்பிவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று நீங்கள் வந்து சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் எடுபடாது.

பணிவுடன்,
நிஷானி


மல்கிரேவ், மெல்பேர்ண்
21 மார்ச் 2025

நிஷானிக்கு,

உம்மை நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்று தரம் அல்ல, நான்கு தரம் கேட்டீர். நான்காவது தரம் அந்தச் சாட்சி உண்மையைச் சொன்னார். அன்று உம்மைப் பேசினேனே தவிர, அதைச் சொல்லிப் பாராட்டவில்லை.

உமது தம்பியின் நிலைமை எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் நீர் கேட்பதை என்னால் செய்ய முடியாது. நீதிபதி தீர்ப்பின் மூலமாகத்தான் பேச வேண்டும். எழுதிக் கையெழுத்திட்ட பிறகு அதற்கு விளக்கவுரை சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் பழக்கினார்கள், நானும் அப்படியே இருந்துவிட்டேன். முப்பது வருடம் இருந்த கதிரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, இது ஆடுகிற கதிரை என்று நானே கூவச் சொல்கிறீரா?

இங்கே ஊர்ச்சங்கக் கூட்டங்களில் என்னை முன்வரிசையில் இருத்துகிறார்கள். மேனுகா அந்த வழக்கின் பத்திரிகைச் செய்தியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களுக்கு அவள் அதைக் காட்டத் தொடங்கினால் நான் தேநீர் போடுகிறேன் என்று குசினிக்குப் போய்விடுவேன். இதை ஏன் உமக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நாட்டு நிலைமை பற்றிய மனித உரிமை அறிக்கைகள் நிறைய இருக்கின்றன. உமது சட்டத்தரணி அவற்றைச் சமர்ப்பிக்கலாம்.

இரத்தினசிங்கம்


லிட்கம்
6 ஏப்ரல் 2025

சேர்,

அறிக்கைகள் சமர்ப்பித்தாயிற்று. பரமட்டாவில் நிரூபா என்றொரு சட்டத்தரணி, எங்கள் தமிழ்ப் பிள்ளைதான், ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறாள். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். அத்தனைக்கும் மேலே உங்கள் தீர்ப்பு ஒன்று இருக்கிறது.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. மேனுகாவுக்குப் பிள்ளை பிறந்தது, பார்க்க ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே ஓய்வெடுத்து வந்தீர்கள். யாருக்குத்தான் அந்த ஆசை இருக்காது? ஆனால் ஒன்றை மட்டும் உங்கள் காதில் போட்டுவிடுகிறேன்.

போன கிழமை சாப்பிடும்போது என் கணவர் லதீஸ் பகிடியாக, "பேசாமல் ஊருக்குப் போய் வழக்கை நடத்தி வெண்டு போட்டு வாவன்டா" என்றார். அனோஜ் சிரிக்கவில்லை. "அந்த நீதிபதி கதிரையில இருந்தால் நாளைக்கே போவன் அத்தான். அவர் இல்லையே" என்றான். உங்களை அவன் பார்த்ததே இல்லை. தீர்ப்பை மட்டும் வாசித்திருக்கிறான், எனக்குத் தெரிய நாலைந்து தரம்.

நீங்கள் கதிரையில் இருந்தால் போவானாம். நீங்கள் மல்கிரேவில் இருக்கிறீர்கள். இதற்கு மேல் எனக்குக் கெஞ்சத் தெரியாது.

நிஷானி


மல்கிரேவ்
4 மே 2025

நிஷானிக்கு,

உமது கடிதம் ஒரு மாதமாக மேசையில் கிடக்கிறது. அதன் மேல் பத்திரிகையை வைப்பேன், பிறகு நானே எடுத்துப் பார்ப்பேன்.

வருகிறேன். ஆனால் சில விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சாட்சியாக வருகிறேன், வழக்காளியாக அல்ல. நிரூபா என்னோடு முன்கூட்டியே பேச வேண்டும் என்று இரண்டு தரம் செய்தி அனுப்பியிருக்கிறார். அது வேண்டாம் என்று சொல்லிவிடும். சாட்சியைச் சமைத்துப் பரிமாறுவதை நான் என் நீதிமன்றத்தில் அனுமதித்ததில்லை. இப்போது நானே அந்தப் பானைக்குள் இறங்கமாட்டேன். கேட்பதற்குப் பதில் சொல்வேன், கேட்டதற்கு மட்டும் சொல்வேன். ஊரில் சாட்சிக் கூண்டில் ஏறிய ஒவ்வொருவரிடமும் நான் சொன்னதும் அதுதான்.

உமது வீட்டில் தங்கச் சொல்லி மேனுகாவிடம் சொன்னதற்கு நன்றி. எனக்கு உப்புக் குறைவாகப் போட வேண்டும் என்று மேனுகா எழுதச் சொன்னாள். மீனுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

இரத்தினசிங்கம்


லிட்கம்
22 ஜூன் 2025

சேர்,

நீங்கள் விமானம் ஏறிய அன்றே எழுத இருந்தேன். வார்த்தை தடித்துவிடும் என்று ஒரு கிழமை பொறுத்தேன். பொறுத்தும் கோபம் குறையவில்லை.

அந்த அறையில் யாரும் அநியாயம் செய்யவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விசாரித்த அந்த ட்ரிபியூனல் அம்மா உங்களுக்குத் தன் கையாலேயே தண்ணீர் வார்த்துத் தந்தார். அனோஜ் அழுதபோது விசாரணையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இப்படி எழுது என்று அவருக்கு யாரும் போன் எடுத்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு முன்னால்தான் நீங்கள் வாயைப் பூட்டிக்கொண்டீர்கள்.

உமாசுதனின் தீர்ப்பை எழுத முன்போ எழுதும்போதோ யாராவது உங்களை நெருக்கினார்களா என்று கேட்டார். இல்லை என்றீர்கள். சரியென்று கண்டபடி தீர்ப்பளிக்க உங்களுக்குச் சுதந்திரம் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றீர்கள். நிரூபா மற்ற நீதிபதிகளின் நிலைமை பற்றிக் கேட்டாள். உங்களிடம் முன்பே பேசியிருந்தால் வேறு கேள்வி கேட்டிருப்பாள், பாவம், இருட்டில் கல்லெறிந்தாள். மற்றவர்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை என்றீர்கள். கடைசியாக அந்த அம்மா, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். "கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்" என்றீர்கள்.

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். அது என்னவென்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஊரில், சாட்சி எதையோ விழுங்குகிறார் என்று பட்டால் நீங்கள் அப்படித்தான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசாமல் பார்ப்பீர்கள். பாதிப்பேர் அந்தப் பார்வையிலேயே கக்கிவிடுவார்கள். நாங்கள் இளசுகள் பின்வரிசை வாங்கில் இருந்து அதைப் பார்த்துச் சிரிப்போம். அன்று நான் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அனோஜ் உங்களுக்குக் கோப்பி வாங்கித் தந்தான். வீட்டுக்கு வந்த பிறகு, "சேர் உண்மையைத்தானே அக்கா சொன்னவர், வேற என்ன செய்யிறது" என்றான். எனக்கு அவனைப்போலப் பெரிய மனம் இல்லை.

நீங்கள் என்னத்தை விழுங்கினீர்கள், சேர்? நான் நான்கு தரமும் கேட்பேன்.

நிஷானி


மல்கிரேவ்
5 ஜூலை 2025

நிஷானிக்கு,

நான்கு தரம் கேட்க வேண்டாம்.

தீர்ப்புக்கு முன்னால் யாரும் என்னை நெருக்கவில்லை. அது உண்மை. தீர்ப்பு வந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவர் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையான மனிதர்கள். ஒரு பெட்டி கேக் கொண்டுவந்தார்கள். தீர்ப்பு அழகாக எழுதப்பட்டிருக்கிறது, எங்கள் பிழைகளைத் திருத்திக்கொள்ள உதவும் என்றார்கள். தேநீர் குடித்தார்கள். அடுத்தது மற்றப் பெடியனின் வழக்குத்தானே, அதற்குள் களைத்துப் போய்விடுவீர்கள் என்றார்கள். எழும்பும்போது ஒருவர், மல்கிரேவ் அமைதியான இடம் என்று கேள்விப்பட்டேன், உங்கள் மகள் வீட்டுக்கு எதிரே பிள்ளைகள் விளையாட ஒரு பூங்கா இருக்கிறதாமே என்றார். அவ்வளவுதான். குரல் உயரவில்லை. அந்தப் பூங்காவை அதுவரை நானே பார்த்ததில்லை.

அந்த மாதமே ஓய்வுக்கு விண்ணப்பித்தேன். பேரப்பிள்ளை என்று எல்லோரிடமும் சொன்னேன். மேனுகாவிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். பிறகு பத்திரிகைச் செய்திக்குக் கண்ணாடி போட்டு மாட்டினாள். தினமும் அதன் கீழே இருந்துதான் சாப்பிடுகிறேன்.

நானும் பயந்து ஓடிவந்தவன்தான், நிஷானி. உமது தம்பிக்கும் எனக்கும் விசாவின் பெயர் மட்டும்தான் வேறு. ஓடிவந்தவன் என்று சொல்லிக்கொண்டு அவன் அந்த அம்மாவுக்கு முன்னால் அழுதான். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. முன்வரிசைக் கதிரை கண்ணுக்குள் நின்றது. தீர்ப்புக்கு முன்பா என்று அவர் கேட்டார், பின்பா என்று கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது சாட்சிக்கு ஒழுங்கு என்று இவ்வளவு காலம் சொல்லிவந்தேன். அதற்குள் ஒளிந்துகொள்ளவும் இடம் இருக்கிறது என்று எனக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். எத்தனை பேர் என் கண் முன்னாலேயே அதற்குள் ஒளிந்திருப்பார்கள்.

நடந்தது எல்லாவற்றையும் சத்தியக்கடதாசியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் முன்னிலையில் கையெழுத்திட்டேன். இந்த நாட்டில் அவருக்கும் அந்த அதிகாரம் உண்டு. அவர் வாசித்துவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தார். முடிவு வருவதற்கு முன் இதை நிரூபாவிடம் சேர்த்துவிடும்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க இன்னும் துணிவு வரவில்லை.

இரத்தினசிங்கம்


லிட்கம்
13 ஜூலை 2025

சேர்,

முடிவு 4ஆம் திகதி வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. உங்கள் கடிதம் 8ஆம் திகதி செவ்வாய்க்கிழமைதான் கைக்குக் கிடைத்தது. அனோஜ் தோற்றுவிட்டான்.

அந்த அம்மா எழுதியதில் உங்களைப் பற்றிய பகுதியை அப்படியே தருகிறேன். "ஓய்வுபெற்ற நீதிபதி நேர்மையான, கவனமான சாட்சி. அவருடைய சாட்சியத்தை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்." அதற்கு அடுத்த வரியிலேயே, ஆகவே விண்ணப்பதாரர் நியாயமான விசாரணையை எதிர்பார்க்கலாம் என்று வருகிறது. உங்களை முழுக்க நம்பினார்கள், சேர். அதில்தான் தோற்றோம்.

சத்தியக்கடதாசியைக் கொண்டு அன்றே பரமட்டாவுக்கு ஓடினேன். நிரூபா வாசித்துவிட்டு, "இதை ஒரு மாசத்துக்கு முன்னம் தந்திருந்தால்" என்று தொடங்கி, மிச்சம் இருக்கிற வழிகளைச் சொன்னாள். மேலே உள்ள நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் அங்கே சட்டப் பிழை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், புதுச் சாட்சி கேட்கமாட்டார்கள். அமைச்சருக்கு எழுதலாம். அவர் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டையும் செய்யப்போகிறோம். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்த அன்று உங்களை மனதுக்குள் நன்றாகப் பேசினேன். நாக்கில் வராத பேச்செல்லாம் வந்தது. பிறகு அந்தப் பூங்கா ஞாபகம் வந்தது. எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது, லிட்கமிலும் ஒரு பூங்கா இருக்கிறது. அந்த இடத்தில் நின்றால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இருக்கிறது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கக் கை வலிக்கிறது.

கடிதத்தை அனோஜுக்கும் காட்டினேன். மறைத்து என்ன பயன்? வேலைக்குப் போகும் சப்பாத்தை ஒரு காலில் மட்டும் போட்டபடி இருந்து வாசித்து முடித்தான். "அவரை ஏசாதேங்கோ அக்கா. பயத்தைப் பற்றி எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை" என்றான். மற்றச் சப்பாத்தையும் போட்டான். கதவடியில் நின்று, "ஒண்டு மட்டும் கேட்டு எழுதுங்கோ. என்ர வழக்குக் கோவை அவற்ற மேசைக்கு வந்ததோ? அவர் வாசிச்சவரோ?" என்றான்.

அவன் கேட்டதை எழுதிவிட்டேன்.

நிஷானி


மல்கிரேவ்
20 ஜூலை 2025

நிஷானிக்கு,

நேற்று மேனுகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூங்காவைப் பற்றிச் சொன்னதும் ஜன்னலடியில் போய் நின்றாள். "ஏன் அப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை? நான் உங்களைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிஞ்சனே" என்று அழுதாள். கண்ணாடிச் சட்டத்தை நான்தான் இறக்கினேன். சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. அது இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

உமது தம்பி கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அவரிடம் வாசித்துக் காட்டும்.

ஓம் அனோஜ், உமது கோவை என் மேசைக்கு வந்தது. நீர் இல்லாமலே விசாரிக்க நாளும் குறித்திருந்தார்கள். நான் அதை வாசித்தேன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். உமக்கு எதிராக அதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், உமாசுதனின் அந்த வாக்குமூலம். அதை நான் ஏற்கெனவே தள்ளிவிட்டேன். வேறு ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை. தீர்ப்பு என்னவென்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும், அன்று பின்னேரமே எழுதியிருக்கலாம்.

எழுதவில்லை. கோவையை மூடி வைத்தேன். அடுத்த நாள் ஓய்வுக்கு விண்ணப்பித்தேன். எனக்குப் பிறகு வந்தவர் முதல் தவணையிலேயே உமக்குப் பிடியாணையைப் புதுப்பித்தார். அதைப் பத்திரிகையில் வாசித்துவிட்டுப் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பூங்காவுக்குப் போனேன்.

இதையும் சத்தியக்கடதாசியாக எழுதி, அதே மருந்துக்கடையில் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன். அமைச்சருக்குப் போகும் கோவையில் முதல் பக்கமாக வைக்கச் சொல்லும். மேலே உள்ள நீதிமன்றம் கேட்காவிட்டாலும் வந்து வெளியில் நிற்பேன். நிரூபா எப்போது கூப்பிட்டாலும் பேசுகிறேன், போனிலும் பேசுகிறேன்.

நான் கதிரையில் இருந்தால் நாளைக்கே ஊருக்குப் போவதாக நீர் சொன்னீராம். தம்பி, நான் கதிரையில் இருந்தபோதுதான் உமது கோவையை மூடினேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. உமக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

இரத்தினசிங்கம்